ஃபிளாஷ் போட்ட படம் கெட்டால் எங்கிருந்து தேடத் தொடங்குவது

நாகர்கோவிலைச் சுற்றியுள்ள ஊர்களில் கல்யாண வீடு, கோவில் கொடை, குருசடித் திருவிழா என்று படம் எடுக்கப் பழகும் பிள்ளைகள் என்னிடம் கொண்டுவரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “அண்ணே, ஃபிளாஷ் போட்டா படம் கெட்டுப்போகுது, போடாட்டி இருட்டா இருக்கு.” இதற்கு ஒரே பதில் கிடையாது. படம் எப்படிக் கெட்டிருக்கிறது என்பதைப் பார்த்தால்தான் காரணம் தெரியும். ஆகவே, படத்தில் தெரியும் அறிகுறியை வைத்தே கீழே பகுதி பகுதியாகப் பிரித்திருக்கிறேன். உங்கள் படத்துக்குப் பொருந்தும் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முன் வரும் சோதனையை மட்டும் தாண்டிவிட வேண்டாம். மற்ற எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன.

ஃபிளாஷ் போட்டு எடுத்த எந்தப் படமும் உண்மையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்த இரண்டு படங்கள். ஒன்று, அந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கும் டியூப் லைட், சீரியல் செட், வெயில் ஆகியவற்றின் ஒளியில் பதிவது; மற்றொன்று, ஃபிளாஷ் ஒளியில் பதிவது. ஃபிளாஷ் முழுத் திறனில் எரிந்தாலும் அதன் வெளிச்சம் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் முடிந்துவிடுகிறது. 1/128 திறனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நொடிகூட நீடிப்பதில்லை. ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தாலும் 1/200 நொடி திறந்திருந்தாலும் அந்த மின்னல் முழுவதும் உள்ளே வந்துவிடும். எனவே ஷட்டர் வேகம் இடத்து ஒளியை மட்டுமே கூட்டும் அல்லது குறைக்கும். ஃபிளாஷ் ஒளியைத் தொடாது. ஃபிளாஷ் ஒளியின் அளவை அதன் திறனும், ஆளுக்கும் அதற்கும் உள்ள தூரமும் தீர்மானிக்கின்றன. அபர்ச்சரும் (லென்சின் திறப்பு) ஐஎஸ்ஓவும் (கேமரா ஒளியை உணரும் அளவு) இரண்டு ஒளியையும் சேர்த்தே ஏற்றி இறக்குகின்றன.

சோதனை இதுதான். கேமராவை மேனுவலில் வைத்து, கெட்ட படத்தில் இருந்த அதே ஷட்டர், அபர்ச்சர், ஐஎஸ்ஓ அளவுகளில், ஃபிளாஷை மட்டும் அணைத்துவிட்டு இன்னொரு படம் எடுங்கள். குறை அந்தப் படத்திலும் இருந்தால் அது இடத்து ஒளியின் குறை. அதில் இல்லாமல் ஃபிளாஷ் படத்தில் மட்டும் இருந்தால் ஃபிளாஷின் குறை. முழுக் கறுப்பாக வந்தாலும் அதுவும் ஒரு தகவல்தான்: படத்தில் தெரிந்த ஒளி அத்தனையும் ஃபிளாஷ் தந்தது, அந்த இடம் படத்துக்குள் வரவே இல்லை என்று பொருள்.

ஃபிளாஷ் எரியவே இல்லை

முதலில் எளிய காரணங்களைக் கழித்துவிட வேண்டும். ஃபிளாஷின் அடிப்பாகம் ஹாட் ஷூவுக்குள், அதாவது கேமராவின் தலையில் ஃபிளாஷை மாட்டும் இடத்துக்குள், கடைசிவரை போய், பூட்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அரை மில்லிமீட்டர் பின்னால் நின்றாலும் நடு முனை பொருந்தாது. ஃபிளாஷின் பின்னால் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் எரிகிறது, கேமராவை அழுத்தினால் எரியவில்லை என்றால் ஃபிளாஷில் கோளாறு இல்லை. இரண்டுக்கும் நடுவில்தான் தடை இருக்கிறது.

உள்ளே கண்ணாடி இல்லாத (மிரர்லெஸ்) புதுக் கேமராக்களில் அடிக்கடி காணும் தடை, சத்தமில்லாத ஷட்டர். பூசை நேரத்தில் சத்தம் கேட்கக்கூடாது என்று அதை யாரோ இயக்கிவைத்திருப்பார்கள். பெரும்பாலான கேமராக்களில் எலக்ட்ரானிக் ஷட்டரில் ஃபிளாஷ் எரியாது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றினால் போதும். இன்னொன்று வாங்கும்போதே கவனிக்க வேண்டியது: கேனானின் 200டி இரண்டாம் பதிப்பு போன்ற சில தொடக்கநிலைக் கேமராக்களின் ஹாட் ஷூவில் நடு முனையே இல்லை. நடு முனையை மட்டும் நம்பி இயங்கும் விலை குறைந்த மேனுவல் ஃபிளாஷ் அதில் எந்நாளும் எரியாது. அந்தக் கேமராவின் டிடிஎல் முறைக்கு (ஃபிளாஷ் எவ்வளவு எரிய வேண்டும் என்று கேமராவே கணக்கிடும் முறை) ஏற்ற ஃபிளாஷ்தான் வேண்டும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உரிய காரணம் உப்புக்காற்று. குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் இரண்டு மாலை வேலை செய்தாலே உலோக முனைகளில் கண்ணுக்குத் தெரியாத படலம் ஏறிவிடும். முட்டம் பக்கம் ஒரு திருவிழாவில், தேர் தெருமுனை திரும்பும் நேரம் பார்த்து என் ஃபிளாஷ் எரிவதை நிறுத்தியது. பேட்டரியை இரண்டு தடவை மாற்றியும் பயனில்லை. கடைசியில் ஃபிளாஷைக் கழற்றிக் கவிழ்த்து, செல்பேசி வெளிச்சத்தில் பார்த்தபோது ஐந்து முனைகளில் நடுவில் இருந்ததன் மேல் மட்டும் பச்சைப் புள்ளி ஒன்று தெரிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளை ஒருவனிடம் பென்சில் அழிப்பான் வாங்கி நாலு தேய் தேய்த்ததும் சரியாகிவிட்டது. அந்த முறையையே இன்றும் சொல்கிறேன், ஒரு எச்சரிக்கையோடு: கேமராவின் ஹாட் ஷூவைத் தேய்க்கும்போது கேமராவைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்ளுங்கள், அழிப்பான் துகள் இடுக்குகளுக்குள் போகக்கூடாது. பேட்டரி கசிந்து வெள்ளை மாவு போல் படிந்திருந்தால், பஞ்சுக்குச்சியில் ஒரு துளி வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு உலர்ந்த பஞ்சால் நன்றாக ஒற்றி எடுங்கள். கசிவு காரத்தன்மை உடையது, அதனால் சிறிது புளிப்பு அதைக் கரைக்கும். கடற்கரையிலிருந்து திரும்பிய இரவே உலர்ந்த துணியால் முனைகளைத் துடைத்து, மூடி இறுகும் பெட்டியில் சிலிக்கா ஜெல் பையோடு வைத்துவிட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

இரண்டு காரியங்களை எந்த நிலையிலும் செய்ய வேண்டாம். ஃபிளாஷின் உடலைத் திறக்காதீர்கள்; பேட்டரியைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் மின்தேக்கியில் சுமார் 300 வோல்ட் தங்கியிருக்கக்கூடும். அப்பா காலத்து ஸ்டுடியோப் பெட்டியில் கிடைத்த பழைய ஃபிளாஷை டிஜிட்டல் கேமராவின் மேல் அப்படியே மாட்டவும் கூடாது. பழையவற்றில் சிலவற்றின் நடு முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். கேமராவின் சர்க்யூட் ஒரே கிளிக்கில் போய்விடலாம். மல்டிமீட்டரால் அளந்து பார்த்து, உங்கள் கேமராவின் கையேடு அனுமதிக்கும் அளவுக்குள் இருந்தால் மட்டும் மாட்டுங்கள்.

ஒரு படம் நன்றாக வருகிறது, அடுத்தது இருட்டு

மின்தேக்கி மறுபடி நிரம்புவதற்குள் நீங்கள் அழுத்திவிடுகிறீர்கள். ஃபிளாஷின் பின்னால் உள்ள விளக்கு மறுபடி எரியும்வரை பொறுக்க வேண்டும். சாதாரண அல்கலைன் பேட்டரி பழசாகப் பழசாக அதன் உள்தடை ஏறுவதால், முழுத் திறனில் ஐந்து நொடிக்கு மேலும் காத்திருக்க நேரிடும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை ரீசார்ஜ் பேட்டரி 1.2 வோல்ட்தான் என்றாலும், மின்னோட்டத்தைத் தாராளமாகத் தருவதால் அதைவிட விரைவாக நிரப்பும். நாலும் ஒரே தொகுதியாகவும் ஒரே வயதாகவும் இருக்கட்டும்; பழசு ஒன்று கலந்தால் மற்ற மூன்றையும் அது கீழே இழுக்கும்.

ஆனால் பேட்டரியை மாற்றுவதைவிடப் பயன் தரும் மருந்து ஐஎஸ்ஓவில் இருக்கிறது. ஐஎஸ்ஓ 100 என்பதை 800 ஆக்கினால் அதே வெளிச்சத்துக்கு ஃபிளாஷ் எட்டில் ஒரு பங்கு எரிந்தால் போதும். மின்தேக்கி அநேகமாகக் கண்ணிமைக்கும் நேரத்தில் நிரம்பிவிடும், ஃபிளாஷும் சூடாகாது. தொடர்ந்து முழுத் திறனில் அடித்தால் பல ஃபிளாஷ்கள் சூட்டைத் தாங்காமல் தாமாகவே ஓய்வுக்குப் போய்விடும். அது பழுதில்லை, பாதுகாப்பு. மாலை மாற்றும் நேரத்தில் அது நேர்ந்தால் நம் பாடு என்ன என்பது வேறு விஷயம்.

முகம் வெளுத்து, பின்னணி கறுத்துப்போகிறது

தொடக்கக்காரர்களின் படங்களில் அதிகம் காணும் குறை இதுதான். மார்த்தாண்டத்தில் ஒரு வரவேற்பு மேடையில் எடுத்த படத்தை எடுத்துக்கொள்வோம்: ஐஎஸ்ஓ 100, எஃப் 5.6, 1/200. மேடைக்கு மூவாயிரம் பல்பு போட்டு அலங்காரம் செய்தவர் அந்தப் படத்தைப் பார்த்தால் அழுதுவிடுவார். பெண்ணும் மாப்பிள்ளையும் ஏதோ குகைக்குள் நிற்பதுபோல் இருக்கிறது. ஃபிளாஷை அணைத்து அதே அளவில் எடுத்தால் படம் முழுக் கறுப்பு. ஆகவே குறை ஃபிளாஷில் இல்லை. இடத்து ஒளி உள்ளே வர நாம் வழி விடவில்லை.

வழக்கமான மண்டப வெளிச்சத்துக்கு அந்த அளவுகள் ஐந்து ஸ்டாப்புக்கு மேல் குறைவு (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரட்டிப்பது அல்லது பாதியாவது), அதாவது தேவையான ஒளியில் முப்பத்திரண்டில் ஒரு பங்குகூடப் பதியவில்லை. இப்போது ஐஎஸ்ஓவை 800 ஆக்குங்கள், அது மூன்று ஸ்டாப். அபர்ச்சரை எஃப் 4க்குத் திறங்கள், ஒரு ஸ்டாப். ஷட்டரை 1/100க்கு இறக்குங்கள், இன்னொன்று. மொத்தம் ஐந்து. ஃபிளாஷ் இல்லாமலே மேடை சற்று மங்கலாக, ஆனால் தெளிவாகத் தெரியும். அந்த ‘சற்று மங்கல்’தான் வேண்டியது, அதன்மேல் ஃபிளாஷ் ஆளை மட்டும் தூக்கிக் காட்டும். மேனுவல் ஃபிளாஷ் வைத்திருப்பவர்கள் இந்த மாற்றங்களில் எவை ஃபிளாஷைத் தொடுகின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும்: ஐஎஸ்ஓவின் மூன்றும் அபர்ச்சரின் ஒன்றுமாக நாலு ஸ்டாப் ஃபிளாஷுக்கும் ஏறியிருக்கிறது, ஷட்டரின் ஒன்று ஏறவில்லை. எனவே முன்பு முழுத் திறனில் இருந்த ஃபிளாஷை 1/16க்கு இறக்க வேண்டும். டிடிஎல் என்றால் அது தானாகவே இறக்கிக்கொள்ளும்.

1/100 என்று சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப் லைட்டும் தரம் குறைந்த எல்இடியும் நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/100 அல்லது 1/50 வைத்தால் ஒவ்வொரு படத்திலும் முழுத் துடிப்புகளே விழும். அதைவிட வேகமாக வைத்தால் சீரியல் செட் வெளிச்சத்தில் பட்டை பட்டையாக நிழல் விழக்கூடும், ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது வேறாகவும் வரக்கூடும்.

பின்னணி அல்ல, பின்வரிசை மட்டும் இருட்டாக இருந்தால் கணக்கு வேறு. தூரம் இரட்டித்தால் ஃபிளாஷ் ஒளி நாலில் ஒரு பங்காகிவிடும். வீட்டு முற்றத்தில் எடுக்கும் குடும்பப் படத்தில் முன்வரிசைப் பிள்ளைகள் ஒன்றரை மீட்டரிலும் பின்வரிசை மாமன்மார் மூன்று மீட்டரிலும் நின்றால், பிள்ளைகள்மேல் நாலு மடங்கு ஒளி விழும். நீங்கள் மூன்று மீட்டர் பின்னால் போய்விடுங்கள். அப்போது தூரங்கள் நாலரையும் ஆறும் ஆகும். வேறுபாடு இரண்டு மடங்குக்கும் கீழே வந்துவிடும். அகன்ற லென்சை மாட்டிக்கொண்டு கிட்டே போய் நிற்பது இங்கே உதவாது.

பின்னணி வந்துவிட்டது, ஆனால் ஆள் இரட்டையாகத் தெரிகிறது

ஷட்டரை 1/15, 1/8 என்று மேலும் இறக்கியவர்களுக்கு வருவது. ஃபிளாஷ் ஆளை உறையவைத்த பிறகும் ஷட்டர் திறந்தே இருப்பதால், ஆள் அசைந்த தடம் இடத்து ஒளியில் மங்கலாகப் பதிகிறது. ஷட்டரை 1/60க்கு மேலே கொண்டுவந்து, இழந்த ஒளியை ஐஎஸ்ஓவில் எடுத்துக்கொள்ளுங்கள். தடம் வேண்டும் என்றே விரும்பினால், உதாரணமாகச் சிங்காரி மேளம் அடிப்பவர் சுழலும்போது, பின்திரை சிங்க் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். ஃபிளாஷ் கடைசியில் எரியும். தடம் ஆளுக்குப் பின்னால் விழும். ஃபிளாஷ் முதலிலேயே எரியும் முன்திரை அமைப்பில் விட்டால் ஆள் பின்னோக்கி ஓடுவதுபோல் இருக்கும்.

படத்தின் கீழே கறுப்புப் பட்டை

கன்னியாகுமரிக் கடற்கரையில் சூரியன் மறையும் நேரத்தில் உறவுக்காரர்களை நிறுத்திப் படம் எடுப்பவர்கள் இதைச் சந்திப்பார்கள். வானம் பிரகாசமாக இருப்பதால் கேமரா எஃப் 4, 1/1000 என்று போகிறது. ஷட்டருக்குத் திரைகள் இரண்டு. ஒன்று திறந்துகொண்டு போகும், மற்றொன்று மூடிக்கொண்டு பின்னால் வரும். சிங்க் வேகம் எனப்படும் எல்லைவரை, பெரும்பாலான கேமராக்களில் 1/200 அல்லது 1/250 வரை, முழுச் சென்சாரும் திறந்திருக்கும் ஒரு கணம் உண்டு. அதற்கு மேல் வேகத்தில் அந்தக் கணமே இல்லை; முதல் திரை முடிக்குமுன் இரண்டாவது கிளம்பிவிடுகிறது. ஃபிளாஷ் எரியும்போது அது மூடியிருக்கும் இடம்தான் கறுப்புப் பட்டை. கேமராவை நிமிர்த்திப் பிடித்திருந்தால் பட்டை பக்கவாட்டில் வரும். வெயிலில் எடுக்கும்போது பட்டை முழுக் கறுப்பாக இருக்காது, ஃபிளாஷ் படாத மங்கலாக மட்டும் தெரியும்; பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

ஷட்டரை 1/200க்கு இறக்கி, கூடிய ஒளியை அபர்ச்சரால் வெட்டுங்கள். எஃப் 4, 1/1000க்கு இணையானது எஃப் 9, 1/200. பின்னணியின் அளவு மாறாது. ஃபிளாஷ் மட்டும் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும், ஆகவே இரண்டு மூன்று மீட்டருக்குள் நில்லுங்கள். பின்னணி மங்கலாக வேண்டும், எஃப் 4ஐ விட மனமில்லை என்றால் ஒளியை மூன்று ஸ்டாப் குறைக்கும் என்டி ஃபில்டரை (கறுத்த கண்ணாடி) லென்சில் மாட்டலாம், அல்லது ஃபிளாஷில் இருக்கும் ஹைஸ்பீடு சிங்க்கை இயக்கலாம். அதில் ஃபிளாஷ் ஒரே மின்னலாக இல்லாமல் தொடர்ச்சியாகத் துடித்து, ஓடும் இடைவெளி முழுவதையும் நனைக்கிறது. அதற்கு விலை, குறைந்தது இரண்டு ஸ்டாப் திறன் இழப்பு. ஃபிளாஷ் ஈட்டை (டிடிஎல் தரும் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) ஒரு ஸ்டாப் குறைத்து வைத்தால் முகத்தில் ஒளி ஒட்டவைத்ததுபோல் இராது. ஆரஞ்சு ஜெல் (ஒளி ஊடுருவும் நிறத்தாள்) ஒன்றை ஃபிளாஷ் முகத்தில் ஒட்டினால் அந்தி வெயிலோடு இன்னும் கலந்துபோகும்.

டிடிஎல்லில் பெண் சாம்பல், மாப்பிள்ளை வெளுப்பு

நம் மாவட்டத்துக் கிறிஸ்தவத் திருமணங்களில் பழகுபவர்களுக்கு இது கட்டாயம் வரும். பெண்ணுக்கு வெள்ளைச் சேலை, மாப்பிள்ளைக்குக் கறுப்புக் கோட்டு. பெண்ணைத் தனியாக எடுத்தால் சேலை அழுக்குச் சாம்பல் நிறம். மாப்பிள்ளையைத் தனியாக எடுத்தால் முகம் சுண்ணாம்பு. என் முதல் ஆல்பத்தைப் புரட்டிய ஒரு பாட்டி, “லே மக்கா, புதுச் சேலைய ஏன்டே இப்பிடிப் பழசாக்கி வச்சிருக்க?” என்று கேட்டார். சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை, ஏனெனில் ஃபிளாஷ் தானாகவே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று நான் நம்பியிருந்தேன்.

டிடிஎல் என்பது என்ன செய்கிறது என்று தெரிந்தால் குழப்பம் தீரும். உண்மையான மின்னலுக்குச் சற்று முன், ஃபிளாஷ் சிறிதாக ஒருமுறை மின்னுகிறது. அது திரும்பிவரும் அளவைக் கேமரா அளந்து, எதிரில் இருப்பது நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு திறனைக் கணக்கிடுகிறது. வெள்ளைச் சேலை நிறைய ஒளியைத் திருப்பி அனுப்புவதால் ‘போதும், குறை’ என்று முடிவு செய்கிறது. கறுப்புக் கோட்டு எதையும் திருப்பாததால் ‘பற்றவில்லை, ஏற்று’ என்கிறது. ஆகவே நாம் எதிர்த்திசையில் திருத்த வேண்டும். வெள்ளை சட்டகத்தை நிறைத்தால் ஃபிளாஷ் ஈடு ஒன்று கூட்டல், கறுப்பு நிறைத்தால் முக்கால் முதல் ஒன்று கழித்தல் என்று தொடங்கித் திரையைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். இந்த ஈடு கேமராவின் சாதாரண ஈடு அல்ல. மின்னல் குறியோடு தனியாக இருக்கும்.

மேடையின் பின்னால் ஜரிகைத் துணி, கண்ணாடி அலங்காரம், முன்னால் தேய்த்துப் பளபளக்கும் குத்துவிளக்கு ஆகியவை இருந்தாலும் இதே தவறு நேரும். முன்மின்னல் நேராகத் திரும்பிக் கேமராவை ஏமாற்றிவிடும். அங்கே என் தேர்வு மேனுவல்தான். மேடையில் ஆள் நிற்கும் இடமும் நான் நிற்கும் இடமும் மாறாதபோது, ஒருமுறை சரியாக அமைத்த 1/16 அன்று முழுவதும் சரியாகவே இருக்கும். டிடிஎல் ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக யோசிக்கும். யோசிக்கும் ஒவ்வொரு முறையும் தவறவும் கூடும். ஆளும் நானும் நடந்துகொண்டே இருக்கும் ஊர்வலத்தில் மட்டும் டிடிஎல்லுக்குத் திரும்புவேன்.

சுவரில் வெட்டிவைத்தாற்போல் நிழல், முகத்தில் எண்ணெய்ப் பளபளப்பு

இரண்டுக்கும் வேர் ஒன்று: ஒளி வரும் பரப்பு சிறியது. தீப்பெட்டி அளவு முகத்திலிருந்து வரும் ஒளி கூரான நிழலைத்தான் தரும். வியர்வை உள்ள நெற்றியில் அது வெள்ளைப் பொட்டாகத் தெரியும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்க்காத நெற்றி ஏது? ஆளைச் சுவரிலிருந்து இரண்டு மீட்டர் முன்னால் கொண்டுவருவது முதல் திருத்தம். அடுத்தது, ஃபிளாஷின் தலையை மேலே திருப்பி, கூரையில் பட்டு ஒளி இறங்கும்படி செய்வது. கூரையே பெரிய விளக்காகிவிடும்.

ஆனால் இந்த இரண்டாவது திருத்தம் எந்தக் கூரை என்பதைப் பொறுத்தது. பத்தடி உயரத்தில் வெள்ளை அடித்த கான்கிரீட் வீடு என்றால் அருமை. பழைய திருவிதாங்கூர் பாணி வீடுகளில் அந்தக் கதை செல்லாது. மேலே பலகை மச்சு, அதற்கு மேல் ஓடு. பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலைப்பாட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கருமை தெரியும். மரம் பெரும்பாலான ஒளியைக் குடித்துவிட்டு, மிச்சத்தைப் பழுப்பாக்கி அனுப்பும். முகம் மஞ்சள் காமாலை கண்டதுபோல் வரும். பச்சை, ரோஸ் நிறச் சுவரிலும் அப்படியே, அந்தந்த நிறம் முகத்தில் ஏறும். மண்டபங்களிலோ கூரை வெகு உயரம். ஒளி ஐந்து மீட்டர் ஏறி ஐந்து மீட்டர் இறங்கி வந்தால் அது பத்து மீட்டர். அதில் ஆளிடம் வந்து சேர்வது சொற்பம்.

தக்கலைக்கு அருகே அப்படி ஒரு மச்சு வீட்டில் நிச்சயதார்த்தம் எடுக்க நேர்ந்தபோது, துவைத்து மடித்திருந்த இரட்டை வேட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, உள்ளறையின் துணிக்கொடியில் விரித்துத் தொங்கவிட்டேன். ஃபிளாஷின் தலையை அதை நோக்கிப் பக்கவாட்டில் திருப்பினேன். எட்டு முழ வெள்ளைத் துணி சன்னல் வெளிச்சம்போல் ஒளியைத் தந்தது. பெண்ணின் மூக்குத்திக்குப் பக்கத்தில் விழுந்த நிழலின் ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. வெளுக்க நீலம் போட்ட வேட்டி சற்று நீலம் கொடுக்கும், அதைக் கேமராவின் ஒயிட் பேலன்சில் (நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) சரிசெய்யலாம். வேட்டி இல்லாத இடத்தில் வெள்ளைத் தெர்மாகோல் அட்டை போதும். வேகமாக நகர வேண்டிய இடத்தில், ஃபிளாஷின் பின்புறம் ஒரு வெள்ளை அட்டையை ரப்பர் பேண்டால் கட்டிக்கொள்ளலாம். மூடிபோல் மாட்டும் பிளாஸ்டிக் டிஃபியூசரை வெட்டவெளியில் மாட்டித் திரிவதில் பயனில்லை. அது ஒளியை நாலு பக்கமும் சிதறடித்து, சுவர்கள் திருப்பித் தரும் என்று நம்பி வேலை செய்வது. கடற்கரையில் சுவர் ஏது?

முகம் நீலம், பின்னணி மஞ்சள்

ஒளியின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள். ஃபிளாஷ் ஒளி சுமார் 5500 கெல்வின், பகல் வெயில் நிறம். குண்டு பல்பும் மஞ்சள் எல்இடியும் 3000 கெல்வினை ஒட்டியவை. இரண்டும் ஒரே படத்தில் விழுந்தால் எந்த ஒயிட் பேலன்சும் இரண்டையும் ஒருசேரத் திருத்தாது. ஃபிளாஷின் முகத்தில் சிடிஓ எனப்படும் ஆரஞ்சு ஜெல்லை ஒட்டி, கேமராவின் ஒயிட் பேலன்சை டங்ஸ்டனுக்கு (குண்டு பல்பு) மாற்றுங்கள். டியூப் லைட் மட்டும் உள்ள அறையில் இந்த வேறுபாடு குறைவு. லேசாகப் பச்சை ஏறினால் கணினியில் திருத்திக்கொள்ளலாம்.

காற்றில் வெள்ளை வட்டங்கள்

பேயும் இல்லை, பிசாசும் இல்லை. திற்பரப்பு அருவியின் சாரல், மழைத்துளி, தூசு ஆகியவை லென்சுக்கு மிக அருகில் பறக்கும்போது ஃபிளாஷ் ஒளி அவற்றில் பட்டு நேராகத் திரும்புகிறது. குவியத்துக்கு வெளியே இருப்பதால் வட்டமாகத் தெரிகின்றன. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டத்தில் இது அடிக்கடி நேரும். ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, ஒரு கை தூரத்துக்காவது பக்கவாட்டில் கொண்டுபோனால் லென்சுக்கு முன்னால் உள்ள துளிகள்மேல் ஒளி படாது. ஏசி அறையிலிருந்து வெளியே வந்தவுடன் படம் முழுவதும் வெண்புகை மூடியதுபோல் இருந்தால் அது வேறு. லென்சில் பனி படிந்திருக்கிறது. துடைக்காமல் பத்து நிமிடம் காத்திருங்கள்.

கண் சிவப்பு, கண் மூடல், கண்ணாடியில் வெள்ளைப் பொட்டு

இருட்டில் விரிந்த கண்மணி வழியாக ஒளி போய், கண்ணின் பின்புறத்து இரத்தக் குழாய்களில் பட்டுத் திரும்புவதே சிவப்பு. ஃபிளாஷ் லென்சிலிருந்து விலகும் அளவுக்கு அது குறையும். கேமராவோடு சேர்ந்த சிறு ஃபிளாஷில் அதிகமாகவும், கூரையில் அடித்து இறக்கும்போது இல்லாமலும் இருப்பது அதனால்தான். ஒரே ஆள் எல்லாப் படத்திலும் கண்ணை மூடினால், டிடிஎல்லின் முன்மின்னலுக்கு அவர் இமைக்கிறார், மேனுவலுக்கு மாற்றுங்கள். மூக்குக் கண்ணாடியிலும், சுவரில் மாட்டிய கண்ணாடிச் சட்டப் படங்களிலும் விழும் பொட்டுக்கு, நீங்கள் ஓரடி பக்கவாட்டில் நகர்ந்தால் போதும். படத்தின் அடியில் அரைவட்ட நிழல் விழுந்தால் லென்ஸ் ஹூடை (லென்சின் முனையில் மாட்டும் மறைப்பு) கழற்றுங்கள்.

தூரத்தில் தனியாக வைத்த ஃபிளாஷ் எரிகிறது, படத்தில் இல்லை

உங்கள் கண்ணுக்கு எரிந்தது தெரிகிறது, படத்தில் அதன் ஒளி இல்லை. பெரும்பாலும் அது கேமரா மேலுள்ள ஃபிளாஷின் முன்மின்னலைப் பார்த்தே அவசரப்பட்டு எரிந்துவிடுகிறது. தனி ஃபிளாஷில் உள்ள எஸ்1 என்ற அமைப்பு, தான் காணும் முதல் மின்னலுக்கே எரியும். எஸ்2 முன்மின்னலை விட்டுவிட்டு அடுத்ததற்கு எரியும். எஸ்2க்கு மாற்றுங்கள், அல்லது கேமரா மேலுள்ளதை மேனுவலாக்குங்கள். கல்யாணத்துக்கு வந்த நாலு பேரின் ஃபிளாஷுக்கும் சேர்ந்து உங்களுடையது எரிந்து பேட்டரியைத் தீர்த்தால், ரேடியோ அலையில் எரியவைக்கும் ரேடியோ டிரிக்கர் வாங்குவதைத் தவிர வழியில்லை. அதில் சேனலும் குழுவும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

தூரத்தில் இருப்பது தெரியவே இல்லை

இரவில் கன்னியாகுமரிக் கரையில் நின்று, 133 அடி வள்ளுவர் சிலையை நோக்கி ஃபிளாஷ் அடிப்பவர்களைத் தினமும் பார்க்கலாம். ஃபிளாஷின் திறனைச் சொல்லும் கைடு எண்ணை அபர்ச்சர் எண்ணால் வகுத்தால் ஐஎஸ்ஓ 100இல் அது எட்டும் தூரம் மீட்டரில் கிடைக்கும். கைடு எண் 60 உள்ள பெரிய ஃபிளாஷ் எஃப் 4இல் 15 மீட்டர் எட்டும். ஐஎஸ்ஓவை 6400க்கு ஏற்றினாலும் 120 மீட்டர். சிலை கரையிலிருந்து 400 மீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும், நடுவில் உள்ள கடலையே அது பாதிகூடத் தாண்டாது. கைப்பிடிச் சுவரும் முன்னால் நிற்பவர்களின் பின்தலையும் மட்டும் வெளுத்துப் பதியும். சிலைக்கு அதன் சொந்த விளக்குகள் இருக்கின்றன. ஃபிளாஷை அணைத்து, கேமராவைக் கைப்பிடிச் சுவரின்மேல் அசையாமல் வைத்து, இரண்டு நொடி டைமரில் ஷட்டரை ஒரு நொடி திறந்து பாருங்கள். சிலைக்கு முன்னால் வீட்டுக்காரர்களும் நிற்க வேண்டும் என்றால், அதே ஒரு நொடியோடு ஃபிளாஷை 1/32இல் சேர்த்துக்கொண்டு, ஷட்டர் மூடும்வரை அசையாமல் நிற்கச் சொல்லுங்கள்.